புகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒன்பது சதவீதம்

குன்னூரில் தேயிலைச் சுவை பார்க்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு, இப்போது இங்கிலாந்தில் பானங்களைச் சுவைத்து மதிப்பிடப் பயிற்சி அளித்து வரும் எனக்கு, ஒரு வகுப்பில் நடந்தது இன்றும் உறுத்திக்கொண்டிருக்கிறது. லாப்சாங் சூச்சோங் தேயிலையை ஊறவைத்துத் தயாரித்த, போர்ட்டர் வகையைச் சேர்ந்த கறுப்பு பீர் ஒன்றை எட்டுப் பேருக்கு ஊற்றிக் கொடுத்து, அதில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கும் என்று தாளில் எழுதச் சொன்னேன். ஒருவரைத் தவிர எல்லோரும் 5 அல்லது 6 சதவீதம் என்று எழுதினார்கள். பாட்டிலில் அச்சிட்டிருந்தது 9. அவர்கள் தவறாக எழுதியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எட்டுப் பேரில் ஒருவர் காரில் வந்திருந்தார் என்பதும், ஊற்றுவதற்கு முன் அதை நான் விசாரிக்கவில்லை என்பதும்தான் உறுத்துகிறது.

லாப்சாங் சூச்சோங் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில், வூயி மலைத்தொடரில் உள்ள தோங்மு கிராமத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட கருந்தேயிலை. இலையைப் பைன் விறகின் புகையில் காய வைப்பதால், குவையக்கால் போன்ற புகைச் சேர்மங்கள் அதில் படிந்துவிடுகின்றன. முதன்முறை முகர்பவர்களில் சிலர் கருவாடு என்பார்கள், சிலர் தார் என்பார்கள். ஒரு முறை ஊருக்கு எடுத்துச் சென்றிருந்தபோது என் அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, விறகடுப்பில் புகை பிடித்துப்போன பால் என்றார். அதைவிடச் சரியான வர்ணனையை நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

பீருக்குப் புகை புதிதல்ல. ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்து ரௌக்பியர் என்னும் புகை பீர், பீச் மர விறகின் புகையில் உலர்த்திய பார்லி மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டிய பார்லியிலிருந்து, வருவது. அங்கே புகை தானியத்திலேயே ஊறியிருப்பதால், முதல் வாயிலிருந்து கடைசி வாய் வரை பன்றி இறைச்சி வாட்டிய வாசம்போல அடியிலேயே நிற்கும். தேயிலை பீரில் அப்படி இல்லை. நொதித்தல் முடிந்த பிறகு, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைப் பின்னால் சேர்ப்பதுபோலவே, தேயிலையைத் துணிப்பையில் கட்டிக் குளிர்ந்த பீரில் ஊறவைப்பது பலரும் கையாளும் முறை. கொதிக்கும் நீரில் நெடுநேரம் ஊறினால் இறங்கும் கடும் துவர்ப்பு குளிர்ந்த ஊறலில் அவ்வளவாக இறங்குவதில்லை. மணம் மட்டும் மேலே மிதக்கிறது.

இந்த மணம்தான் குடிப்பவரை ஏமாற்றுகிறது. வலுவான பீரில் ஆல்கஹாலை நாம் கண்டுகொள்வது பெரும்பாலும் தொண்டையில் தெரியும் காரத்தாலும், மூக்கில் ஏறும் வெம்மையாலும்தான். புகை மூக்கை ஆக்கிரமித்துக்கொள்கிறது. வறுத்த மால்ட்டின் மீதமுள்ள இனிப்பு காரத்தை மழுங்கடிக்கிறது. எஞ்சிய உலர்வை நாக்கு தேயிலையின் துவர்ப்பு என்று கணக்கில் எழுதிவிடுகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடித்தால் குளிர்ச்சியும் சேர்ந்து மறைக்கும். நான்கைந்து வாய்க்குள் மூக்கு புகைக்குப் பழகிவிடுவதால், தொடங்கியபோது கடுமையாகப் பட்ட பானம் பாதிக் கோப்பையில் சாதுவாகத் தெரியும். பானம் மாறவில்லை, மூக்குதான் சோர்ந்துவிட்டது.

ஆகவே நாக்கை நம்ப வேண்டாம், எண்ணைப் படியுங்கள் என்பதை வகுப்பில் முதல் பாடமாக வைத்துவிட்டேன். 330 மில்லி பாட்டிலில் 9 சதவீதம் என்றால் ஏறத்தாழ 30 மில்லி தூய ஆல்கஹால், எடையில் சுமார் 23 கிராம். 10 மில்லி தூய ஆல்கஹாலை ஒரு யூனிட் என்று கொள்ளும் பிரிட்டனின் கணக்கில் ஏறக்குறைய 3 யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது அங்கே 2016-இல் வெளியான அறிவுரை. அதில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு சிறு பாட்டிலிலேயே போய்விடுகிறது. உடல் மணிக்குச் சுமார் ஒரு யூனிட்டைத்தான் கரைக்கும். இங்கிலாந்தில் வாகனம் ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை சட்டம் அனுமதிக்கிறது. இந்தியாவில் அந்த வரம்பு 30 மில்லிகிராம்தான்.

சுவை பார்ப்பதுதானே என்ற சமாதானமும் செல்லாது. தேயிலை மேசையில் உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிடுவோம்; ஒரு காலையில் நூறு கோப்பை பார்த்தாலும் வயிற்றுக்குள் போவது சொற்பம். கசப்பு அடிநாக்கிலும் தொண்டையிலும் தெரிய வேண்டும் என்பதால் பீரை விழுங்கித்தான் மதிப்பிட வேண்டும் என்பது பீர்த் தொழிலின் வழக்கம். 50 மில்லி வீதம் ஆறு மாதிரிகளை விழுங்கினால், மேலே சொன்ன பாட்டிலை அநேகமாகக் காலி செய்தாயிற்று. புகையைப் பொறுத்தவரை விழுங்கத் தேவையே இல்லை: ஒரு சிறு வாய் எடுத்து, மூன்று விநாடி வைத்திருந்து, துப்பிய பின் வாயை மூடி மூக்கு வழியே மூச்சை வெளியே விட்டால், பைன் வாசம் முழுதாக வந்து நிற்கும். 10 முதல் 13 பாகை வெப்பநிலையில் ஊற்றினால் ஆல்கஹாலின் வெம்மையும் ஒளியாமல் தெரியும். புகைக்குப் பதில் பிளாஸ்திரியோ மருத்துவமனைத் தரையோ நினைவுக்கு வந்தால், அது தேயிலையின் குணமன்று. குளோரின் கலந்த தண்ணீரோ வழிதவறிய ஈஸ்ட்டோ காரணமாக இருக்கும். அதைத் தைரியமாகக் குறை என்று எழுதலாம்.

தேநீர் கலந்தது என்பதால் போதை ஏறினாலும் தலை தெளிவாக இருக்கும் என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். லிட்டருக்கு 5 கிராம் தேயிலை ஊறியதாகவும், இலையில் 3 சதவீதம் காஃபீன் இருந்து முழுவதும் இறங்கியதாகவும் வைத்துக்கொண்டாலும், 330 மில்லியில் சுமார் 50 மில்லிகிராம்தான். ஒரு கப் டீக்குச் சமம். காஃபீன் தூக்கத்தைத் தள்ளிப்போடுமே தவிர ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலைக் குறைக்காது. கை தடுமாறும், தடுமாறுவது தெரியாது. காஃபீனைத் தனியே சேர்த்த மால்ட் மதுபானங்களைத் தயாரித்த நான்கு நிறுவனங்களுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2010 நவம்பரில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது இந்த ஆபத்தைக் கருதித்தான். கர்ப்பிணிகளுக்கும், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும், மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எடுப்பவர்களுக்கும் நான் மாதிரிக் கோப்பையைக்கூட நீட்டுவதில்லை. முகர்ந்து பார்க்கக் கொடுக்கிறேன். லாப்சாங்கைப் பொறுத்தவரை அதிலேயே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

அந்த நாளில் காரில் வந்தவர் எழுந்து சாவியைத் தேடியபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. எனக்கு ஒன்றுமே ஏறவில்லை, வெறும் டீ குடித்த மாதிரி இருக்கிறது என்றார். அவர் எழுதிய தாளை எடுத்து, அதிலிருந்த 5-ஐ அடித்து 9 என்று எழுதிக் காட்டினேன். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் பேருந்தில் போனார். இப்போதெல்லாம் மூடியைத் திறப்பதற்கு முன்பே அந்த எண்ணைப் பலகையில் எழுதிவிடுகிறேன். யூகிக்கச் சொல்லும் விளையாட்டை நிறுத்திவிட்டேன்.