கிராண்ட்-இன்-எய்ட்: மானியமா, நல்கையா?

முதியோர் இல்லமோ மாற்றுத்திறனாளி குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளியோ நடத்தும் தொண்டு நிறுவனத்துக்கு அரசு தரும் பணத்தை, கோப்புகள் ‘கிராண்ட்-இன்-எய்ட்’ என்கின்றன. நடத்துபவர்கள் சுருக்கமாக ‘கிராண்ட்’ என்பார்கள். செய்திகளிலோ அது மானியம், உதவித்தொகை, சில வேளை நன்கொடை என்றுகூட வந்துவிடுகிறது. இவை ஒரே பொருள் தரும் சொற்கள் அல்ல.

‘கிராண்ட்’ என்பதன் வேர், நம்புதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினை. அது பழைய பிரெஞ்சில் வாக்குறுதி தருவதைக் குறித்து, பிறகு ஆங்கிலத்துக்கு வந்தது. ‘இன்-எய்ட்’ என்ற ஒட்டு முக்கியமானது. ஒருவர் ஏற்கெனவே செய்துவரும் பணிக்குத் துணையாகத் தருவது என்பதை அதுதான் உணர்த்துகிறது. 1854இல் சார்லஸ் உட் என்ற ஆங்கிலேயர் அனுப்பிய கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு நிபந்தனைகளோடு அரசுப் பணம் தரும் இந்த முறையை இந்தியாவுக்குப் பரிந்துரைத்தது. ‘அரசு உதவி பெறும் பள்ளி’ என்று இன்றும் பெயர்ப்பலகையில் எழுதுவது அந்த மரபின் தொடர்ச்சி. சமூக நலப் பணி செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கு இதே போல நிதி தர 1953இல் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. அதன் முதல் தலைவர் துர்காபாய் தேஷ்முக், சென்னையில் ஆந்திர மகிளா சபாவைத் தொடங்கி வளர்த்தவர். நிதி பெறும் அமைப்பின் பாடு என்ன என்பதை உள்ளிருந்தே அறிந்தவர் அவர்.

இனி ‘மானியம்’. மதிக்கத்தக்கது என்னும் பொருளுடைய ‘மான்ய’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. வரி நீக்கியோ குறைத்தோ விடப்பட்ட நிலத்தை ஊர்களில் மானியம் என்றார்கள். கோயிலுக்கோ ஊருக்கோ வேலை செய்பவர் அனுபவித்த நிலம் ஊழிய மானியம். வேலையை விட்டால் நிலத்தையும் இழக்க நேரிடும். சென்னை மாகாணத்தில் இனாம் என்ற பெயரும் சேர்ந்து வழங்கிய இந்த உரிமைகளில் பலவற்றை 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் முடித்துவைத்தது. ஆக, பணிக்கு ஈடாகத் தருவது என்ற கருத்து இந்தச் சொல்லுக்குப் புதிதல்ல. சிக்கல் பிற்காலத்தில் வந்தது. உர மானியம், எரிவாயு மானியம் என விலைச்சலுகையும் இப்போது மானியம்தான். துறைகளின் செலவுக்குச் சட்டமன்றத்தின் ஒப்புதலைக் கேட்பதும் ‘மானியக் கோரிக்கை’தான். இத்தனையையும் சுமக்கும் சொல்லைத் தொண்டு நிறுவனத்துக்கும் பயன்படுத்தினால், அரசு ஏதோ சலுகை தந்ததாகவே வாசகர் புரிந்துகொள்கிறார். முதியோர் பராமரிப்பு அரசின் கடமையும்கூட. அந்தக் கடமையில் ஒரு பங்கைத் தோளில் ஏற்றிருப்பவரைச் சலுகை வாங்கியவராகக் காட்டுவது அநியாயம்.

‘உதவித்தொகை’ தனிநபருக்குத் தருவது: முதியோர் உதவித்தொகை, மாணவர் உதவித்தொகை. ‘நன்கொடை’ முற்றிலும் தவறு. நன்கொடையைப் போல இந்தப் பணத்தைக் கொடுத்ததோடு அரசு ஒதுங்கிக்கொள்வதில்லை. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, பணம் உரிய பணிக்கே செலவானது என்னும் பயன்பாட்டுச் சான்றிதழை நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் தர வேண்டும். கிராண்ட் பணத்தில் உருவான சொத்தை அரசின் அனுமதியின்றி விற்கவும் முடியாது.

என் தேர்வு ‘நல்கை’. நல்குதல் பழந்தமிழ் வினை. கொடுத்தல், அன்பு செய்தல் என்ற இரு பொருளும் உண்டு. ‘நசைஇயார் நல்கார் எனினும்’ (நான் விரும்பியவர் அன்பு செய்யாவிட்டாலும்) என்னும் குறளில் (1199) இரண்டாவது பொருளில் வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவை நல்கைக் குழு என எழுதும் வழக்கமும் இருப்பதால், சொல் வாசகருக்கு அந்நியமாக இராது. ‘இன்-எய்ட்’ என்பதையும் காட்ட வேண்டிய இடத்தில் ‘உதவி நல்கை’ எனலாம்.

இதனோடு வரும் இரண்டு அலுவல் சொற்களையும் பிரித்தறிய வேண்டும். ‘ஒப்பளிப்பு’ என்பது தொகைக்கு அனுமதி தருவது. ‘விடுவிப்பு’ என்பது பணத்தை அனுப்புவது. ‘நல்கை வழங்கப்பட்டது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆணை வந்து, பணம் வராத மாதங்களில் இல்லத்தார் கடைக்காரரிடம் கடனுக்கு அரிசி வாங்குவது அந்த வாக்கியத்தில் தெரியாமல் போகும். எனவே ஒப்பளித்த நாளையும் விடுவித்த நாளையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும்.