ரெய்டில் கழுத்தீருவை எடுத்துக்கொண்டு போகலாமா?

"கழுத்தீருவையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாக தம்பி. எங்க ஆத்தா போட்டது." காரைக்குடியில் என் ஆபீசில் உட்கார்ந்து அந்த ஆச்சி அழுதார்கள். கழுத்தீரு என்பது செட்டிநாட்டில் கல்யாணத்தில் பெண்ணுக்குப் போடும் பொன் தாலி. மகனின் தொழில் தொடர்பாக வருமான வரிச் சோதனை. வீட்டு இரும்புப் பெட்டியையும் திறந்திருக்கிறார்கள். பஞ்சநாமா, அதாவது சாட்சிகள் முன்னிலையில் எழுதும் சோதனைப் பதிவின் நகல், மஞ்சள் பையில் மடித்தபடியே இருந்தது. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி, வீட்டில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

நான் படித்தேன். மொத்த நகை 152 பவுன். அதில் 41 பவுன் பறிமுதல்.

மத்திய நேரடி வரிகள் வாரியம் 1994 மே 11 அன்று வெளியிட்ட 1916ஆம் எண் அறிவுறுத்தல் இதற்காகவே இருக்கிறது. திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், திருமணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 வரை நகையைப் பறிமுதல் செய்ய வேண்டியதில்லை. அந்த வீட்டில் ஐயா, ஆச்சி, மகன், மருமகள், கல்யாணமாகாத பேத்தி. கூட்டினால் 1,450 கிராம், அதாவது 181 பவுன்.

நம் ஊர்ப்பக்கத்துக்கு இன்னும் முக்கியமான வரி ஒன்று அதில் உண்டு. குடும்பத்தின் நிலையையும் சமூகத்தின் வழக்கத்தையும் பார்த்து, அதிகாரி இந்த அளவுக்கு மேலும் விட்டுவைக்கலாம். பெண்ணுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பொன் வைத்துக் கொடுக்கும் செட்டிநாட்டு வழக்கத்தை அந்த இடத்திலேயே எடுத்துச் சொல்லுங்கள். சொன்னதை வாக்குமூலத்தில் எழுதச் சொல்லுங்கள். படித்துப் பார்த்து, தெரியாத மொழியென்றால் படித்துச் சொல்லக் கேட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வாரண்டைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. பெண்களைப் பெண்தான் சோதனையிட வேண்டும்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பறிமுதல் செய்யவில்லை என்பதால் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்று அர்த்தமில்லை. கல்யாணத்தில் எழுதிய சீர்ப் பட்டியல், கடை ரசீது, அப்பச்சி காலத்துச் செல்வ வரிக் (வெல்த் டாக்ஸ்) கணக்கு என எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

பறிமுதலான மாதம் முடிந்து 30 நாளுக்குள், நகை வந்த வழியை விளக்கி விடுவிக்கக் கோரி மனுப் போடலாம். விளக்கம் ஏற்கப்பட்டால், சோதனை முடிந்த 120 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். ஆச்சி பெட்டகத்தின் அடியிலிருந்து தேடியெடுத்த சீர்ப் பட்டியலை இணைத்து அப்படித்தான் மனுச் செய்தோம்.

மூன்றாம் மாதம் நகை வந்தது. அதிகாரி முன்னாலேயே கழுத்தீருவின் உருக்களை ஒவ்வொன்றாக எண்ணி, பஞ்சநாமாப் பட்டியலைப் பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் ஆச்சி பேனாவைக் கையில் வாங்கினார்கள்.