புத்தகம் வாங்கினேனா, புத்தகத்தை வாங்கினேனா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில் சாயங்கால வேளையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் பாதிக்குமேல் மலையாளம். போன மாதம் ஒரு பெண் வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தைக் காட்டினாள். கண்ணில் பட்ட பெயர்ச்சொல்லுக்கெல்லாம் முன்னால் ஒரு ‘தி’. ஏனம்மா என்றேன். “விட்டாத்தான் சார் தப்பு, போட்டா தப்பில்லைன்னு சொல்லிக்கொடுத்தாங்க.”

ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிற ‘எ’, ‘ஆன்’, ‘தி’ மூன்றும்தான் ஆர்ட்டிகிள். தமிழில் ஆர்ட்டிகிளே கிடையாது என்று சொல்லித்தான் பலரும் இந்தப் பாடத்தைத் தொடங்குகிறார்கள். தனிச்சொல்லாக இல்லை, சரி. ஆனால் அது செய்கிற வேலை நம்மிடம் இருக்கிறது.

‘புத்தகம் வாங்கினேன்.’ ‘புத்தகத்தை வாங்கினேன்.’

முதலாவதைச் சொன்னால் “என்ன புத்தகம்?” என்று கேட்பீர்கள். இரண்டாவதைச் சொன்னால் கேட்கமாட்டீர்கள். நேற்றுப் பேசிக்கொண்டிருந்தோமே, அதுதான் என்று புரிந்துவிடும். முதலாவது ‘எ புக்’, இரண்டாவது ‘தி புக்’. நம் இரண்டாம் வேற்றுமை உருபு சத்தமில்லாமல் பார்க்கிற வேலையை அங்கே ‘தி’ பார்க்கிறது.

மலையாளத்தில் உயிரில்லாத பொருளுக்கு இந்த உருபு பெரும்பாலும் வராது. அதனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம், இந்த ஓர் இடத்தில் மட்டும் தமிழில் யோசித்துப் பார் என்பேன். எல்லா இடத்துக்கும் இந்த வழி ஆகாது. ஆள், மாடு என்று வந்தால் ‘ஒரு பையனைப் பார்த்தேன்’ என உருபு எப்படியும் ஒட்டிக்கொள்ளும். எழுவாய்க்கும் உதவாது. ‘உப்பு வாங்கினேன்’ என்றால் உருபு இல்லைதான். ஆனால் உப்பை எண்ண முடியாதே, அதனால் ‘எ’யும் வராது.

அப்புறம் ‘ஆன்’. எழுத்தைப் பார்க்காதே, ஓசையைக் கேள் என்று எல்லா ஆசிரியர்களும் சொல்கிறோம். ‘ஹானஸ்ட்’ என்று படித்தால் ‘எ’ போடத் தோன்றும். வாயில் வருவது ‘ஆனஸ்ட்’, ஆகவே ‘ஆன்’. ‘யூனிவர்சிட்டி’ எழுத்தில் உயிரெழுத்து, ஓசையில் யகரம், ஆகவே ‘எ’. சிக்கல் நம் நாக்கில். எட்டை ‘யெட்டு’ என்கிற பழக்கத்தில் முட்டையை ‘யெக்’ என்கிறோம். அந்த ஓசையைக் கேட்டுப் பிள்ளை ‘எ எக்’ என்று எழுதினால் காதைக் குறை சொல்ல முடியாது. முதலில் யகரம் இல்லாமல் சொல்லவைத்த பிறகுதான் நான் விதியையே எடுப்பேன்.

‘எ’யோடு னகரம் சேர்ந்து ‘ஆன்’ ஆனதாகப் பலர் நினைக்கிறார்கள். பழையது ‘ஆன்’தான். பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’ எனப் பொருள்பட்ட சொல் அது. மெய்யொலிக்கு முன்னால் னகரம் தேய்ந்து ‘எ’ ஆயிற்று. ‘ஓர் ஊர்’, ‘ஒரு வீடு’ என்று எழுதுகிற நமக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

விண்ணப்பத்துக்கு வருகிறேன். ‘தி கேரளா’, ‘தி பாலக்காடு’ இரண்டையும் அடித்தேன். மாநிலத்துக்கும் ஊருக்கும் ‘தி’ வேண்டாம். பாரதப்புழைக்கு உண்டு, ஏனென்றால் ஆறு. 2,695 மீட்டர் உயரமான ஆனைமுடிக்குக் கிடையாது, அது ஒற்றைச் சிகரம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உண்டு.

“அப்ப ஆனைமலை, சார்?”

‘ஹில்ஸ்’ என்று பன்மையில் எழுதினால் போடு என்றேன். அழித்திருந்த ஒரு ‘தி’யைத் திரும்ப எழுதிக்கொண்டாள்.