வாட்டர் பம்ப்புக்கு அடியில ஒரு ஓட்டை, அடைக்கலாமா?

போன வாரம் ஒருத்தர் கேட்டிருந்தாரு, கார் இன்ஜினோட சூட்டை ஆத்துற தண்ணியை, அதான் கூலண்ட், அதைச் சுத்த விடுற வாட்டர் பம்ப்புக்கு அடியில பென்சில் முனை நுழையுற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கு, அதுலேர்ந்து கூலண்ட் சொட்டுது, எம்-சீல் வெச்சு அடைச்சிடலாமானு. அடைக்காதீங்க சார். அது கம்பெனிக்காரனே போட்ட ஓட்டை.

மொதல்ல பம்ப் எங்க உக்காந்திருக்குனு பாத்துடுவோம். இன்ஜின்லயே ஒட்டிதான் இருக்கும், ஆனா உச்சில வெக்க மாட்டாங்க, காத்து மேல போய்தான் சேரும், வீட்டு மோட்டார் காத்து வாங்கிட்டா சும்மா உறுமிக்கிட்டே கெடக்கும்ல, அதே கதைதான் இங்கயும். அதோட, ரேடியேட்டர்ல ஆறுன தண்ணிதான் கீழ் ஹோஸ் வழியா பம்ப்புக்கு வரும். சூடா வந்தா வம்பு, ஏன்னா உறிஞ்சுற பக்கம் பிரஷர் கம்மி, பிரஷர் கம்மியானா தண்ணி சீக்கிரம் கொதிச்சிரும், ஊட்டில 93 டிகிரிக்குள்ளயே கொதிக்குதே, அப்படி. கொதிச்சு வந்த குமிழி இம்பெல்லர், அதாவது தண்ணியைத் தள்ளுற விசிறி, பக்கத்துல உடைஞ்சா உலோகத்தையே கொத்திக் கொத்தி எடுத்துரும். ரேடியேட்டர் மூடி குக்கர் வெயிட் மாதிரி பிரஷரைப் புடிச்சு வெக்கிறதும் இதுக்காகத்தான், 1 பார் கூடுனா வெறும் தண்ணியே 120 டிகிரிலதான் கொதிக்கும்.

இனிமேதான் எனக்குப் புடிச்ச எடம். பம்ப்போட ஷாஃப்ட்ல, அதான் சுத்துற தண்டுல, ஒரு முனை தண்ணிக்குள்ள, இன்னொரு பக்கம் கிரீஸ் வெச்ச பேரிங்ல. நடுவுல ரெண்டு வளையம், ஒண்ணு கார்பன், ஒண்ணு செராமிக், ஒண்ணு சுத்தும் ஒண்ணு நிக்கும், ஒரு ஸ்பிரிங் ரெண்டையும் அமுக்கிக்கிட்டே இருக்கும், இந்த ஜோடிதான் சீல். பாத்தா ஒட்டிக்கிட்டு உரசுற மாதிரி இருக்கும். ஆனா நடுவுல கூலண்ட் தலைமுடில நூத்துல ஒரு பங்கு மாதிரி மெல்லிசா நுழைஞ்சு நிக்குது, அதுதான் வளையத்துக்கு எண்ணெய். கசிவை நிறுத்த வெச்ச சீல், கொஞ்சூண்டு கசிஞ்சாதான் பொழைக்கும்! கசிஞ்சது சூட்டுல ஆவியாயிரும், மிச்சம் பேரிங் பக்கம் போகாம சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவுல இருக்குற அந்த ஓட்டை வழியா வெளிய வந்துரும்.

இப்ப போர் தண்ணி ஊத்துறவங்க யோசிங்க. தண்ணி ஆவியாயிரும், உப்பு எங்க போகும்? அங்கயே தங்கி வளையத்தைக் கீறும். புது வண்டிக்கு நாலு டயர்லயும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்குறோம், நசுக்கிக்கோங்க, நான் சண்டைக்கு வரல, ஆனா பம்ப்புக்குத் திருஷ்டி கழிக்கணும்னா சரியான கூலண்ட் ஊத்துறதுதான்.

ஓட்டையைச் சுத்தி காஞ்ச கறை மட்டும் இருந்தா விட்டுடுங்க. சொட்டு சொட்டா விழுந்தா சீல் போச்சு, பம்ப்பை மாத்தணும். அதை அடைச்சா கூலண்ட் பேரிங்ல ஏறி கிரீஸைக் கழுவிட்டுப் போயிரும், பேரிங் இறுகிரும், டைமிங் பெல்ட்ல (வால்வையும் பிஸ்டனையும் நேரம் தப்பாம ஓட வெக்கிற பெல்ட்) ஓடுற பம்ப்பா இருந்தா பெல்ட்டும் அறுந்து நெறைய இன்ஜின்ல வால்வும் பிஸ்டனும் மோதிக்கும். மாத்துறப்போ பெல்ட்டையும் சேத்து மாத்திருங்க, எப்படியும் அதைக் கழட்டித்தான் ஆகணும்.