சிம்பன்சி நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி

"குரங்கிலிருந்துதான் மனுஷன் வந்தான்னா, அழகர்கோயில் குரங்கெல்லாம் ஏன் இன்னும் குரங்காவே இருக்கு?"

காரைக்குடிப் பக்கம் எந்த ஊரில் மனிதப் பரிணாமம் பற்றிப் பேசப் போனாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த படத்துக்குப் போகிற ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நியாயமான கேள்விதான். குனிந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாக நடக்கும் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டி, இந்தக் குழப்பத்தை வளர்த்ததே எங்கள் துறைதான்.

செட்டிநாட்டில் இதற்குப் பதில் சொல்வது சுலபம். ஒரே வீட்டில் பங்குள்ள பங்காளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வழி சென்னையில், இன்னொரு வழி மலேசியாவில். (ஓடு மாற்றக்கூட எல்லோர் சம்மதமும் வேண்டும், அது தனிக் கதை.) அவர்களில் யாரும் யாருக்கும் பாட்டன் இல்லை, எல்லோருக்கும் மேலே ஒரு பாட்டன் இருந்தார். சிம்பன்சியும் நாமும் அப்படித்தான். நம் இரு வழிக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அது இன்றைய சிம்பன்சியும் இல்லை, மனிதனும் இல்லை. பிரிந்த பிறகு சிம்பன்சியும் சும்மா இருக்கவில்லை, அத்தனை காலமும் தன் வழியில் மாறித்தான் வந்திருக்கிறது. அழகர்கோயிலில் வாழைப்பழத்தைப் பிடுங்கும் நாட்டுக்குரங்கு இன்னும் தூரத்து உறவு. அதன் வழி சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது.

சொல்வதைவிடக் கையில் கொடுப்பது மேல். கூட்டங்களுக்கு ஒரு சிம்பன்சி மண்டையோடு, ஒரு மனித மண்டையோடு என இரண்டு வார்ப்புகளை எடுத்துப்போவேன். இரண்டையும் கவிழ்த்து, தண்டுவடம் இறங்கும் ஓட்டையில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்வேன். சிம்பன்சிக்கு அது பின்பக்கம் தள்ளி இருக்கும், மனிதனுக்கு அடியில், கிட்டத்தட்ட நடுவில். நிமிர்ந்து நடப்பவனுக்குத் தலை முதுகெலும்பின் மேல் நேராக உட்கார வேண்டுமே! கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவில் வார்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஆச்சி ஒருவர், "அப்ப இடுப்பு எலும்பைப் பார்த்தாலும் தெரியணுமே தம்பி?" என்றார்.

தெரியும். 1974-ல் எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில் எலும்புக்கூடாகக் கிடைத்த லூசி என்ற ஆதிமனித உறவுக்காரி சுமார் 32 லட்சம் ஆண்டுப் பழமையானவள். அவளது இடுப்பும் தொடை எலும்பும் இரண்டு காலில் நடந்ததைக் காட்டுகின்றன. ஆனால் அவள் இனத்தின் மூளை சிம்பன்சியின் மூளையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதாவது முதலில் நடை, மூளை வளர்ந்ததெல்லாம் வெகுகாலம் கழித்து. எலும்பு கிடைக்கும்வரை பலரும் இதைத் தலைகீழாகத்தான் நினைத்திருந்தார்கள்.

அப்புறம், மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் மரபணு 98.8 சதவீதம் ஒன்று என்று அடிக்கடி சொல்கிறார்களே, அந்தக் கணக்கு. 2005-ல் சிம்பன்சி மரபணுத் தொகுதி வெளியானபோது, ஒப்பிடக்கூடிய பகுதிகளில் டி.என்.ஏ.வை எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்துக் கிடைத்த கணக்கு இது. இடையில் சேர்ந்ததையும் விடுபட்டதையும் எண்ணினால் வித்தியாசம் சுமார் 4 சதவீதம் என்று அதே ஆய்வே சொன்னது. இரண்டும் சரி, எண்ணும் முறைதான் வேறு. அதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் வீசிவிட்டு வருவது எங்கள் ஆட்களின் சோம்பேறித்தனம்.

நம் மாவட்டத்தில் இன்னொன்றும் சுற்றுகிறது: மனிதன் தோன்றியதே கீழடியில்தான் என்று வாட்ஸ்அப்பில். கீழடி பெருமைக்குரியதுதான், சந்தேகமில்லை. ஆனால் அது சுமார் 2,600 ஆண்டுக்கு முந்தைய நகர வாழ்க்கை. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின், அதாவது இன்றைய மனித இனத்தின், மிகப் பழைய எலும்புகள் என்று கருதப்படுபவை மொராக்கோவில் கிடைத்தவை, சுமார் 3 லட்சம் ஆண்டு. தமிழ்நாட்டிலேயே இன்னும் பழமை வேண்டுமென்றால் சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தைப் பாருங்கள். அங்குள்ள கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011-ல் ஆய்வு வெளியானது. அவ்வளவு பழைய கருவிகளைச் செய்தவர்கள் நம் இனமே இல்லை, அவர்களுடைய எலும்பும் அங்கே கிடைக்கவில்லை. 'முதல் தமிழன்' என்று இதற்கு ஒரு தலைப்பு வந்தால், எந்த எலும்பை வைத்து எழுதினீர்கள் என்று தாராளமாகக் கேளுங்கள்.