மெடிக்கலில் வாங்கிய சிவப்பு

முகம் எரிகிறது, வெயிலில் போனால் சிவந்துவிடுகிறது, இல்லாத பருவும் முடியும் வருகிறது என்று ஒரு பெண் வந்தால், தோல் மருத்துவராக நான் முதலில் கேட்பது, "முகத்துக்கு என்னம்மா போடுறீங்க?"

"சாதாரண க்ரீம்தான் டாக்டர்."

கைப்பையிலிருந்து அந்த ட்யூப் வெளியே வரும். பெரும்பாலும் மொமெட்டாசோன் என்ற ஸ்டீராய்டும், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் என்ற மருந்துகளும் கலந்தது. பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, நிறம் கூடுமென்று மெடிக்கலில் கேட்டு வாங்கியது.

போட்ட சில வாரத்தில் முகம் நிஜமாகவே வெளுக்கும். வம்பே அதுதான். இதிலுள்ள ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நிறமியையும் குறைக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து உள்ளே ஓடும் குழாய்கள் தெரியும். அடுப்பருகே நின்றாலே எரியும். நிறுத்தினால் முகம் சிவந்து வீங்கும். பயந்துபோய் மறுபடி அதே ட்யூப். ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. கடையில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

அந்தப் பெண்ணை விவரம் தெரியாதவள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது. நிறம் கூடினால் வேலை கிடைக்கும், வரன் அமையும் என்றே விளம்பரங்களில் பார்த்து வளர்ந்தோம். 2020-ல் பெயரிலிருந்து 'ஃபேர்' போனது, சரி. ஆனால் "நிச்சயதார்த்தத்துக்குள்ள கொஞ்சம் கலர் கூட்டிக் குடுங்க டாக்டர்" என்று அம்மாக்கள் இன்றும் கேட்கிறார்கள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளைக்கு நிறம் கூட்டித் தரச்சொல்லி யாரும் என்னிடம் வந்ததில்லை. அவருக்குச் சம்பளம் போதும்! கறுப்பென்றால் கூடுதல் நகை போடச் சொல்லும் ஊரில், மகளிடம் மட்டும் தன்னம்பிக்கை பற்றிப் பேசி என்ன பயன்? அதனால் அம்மாவை வெளியே அனுப்புவதில்லை. மகளின் மேல்கையின் உட்புறத்தை, வெயில் படாத இடத்தை, அவருக்குக் காட்டுகிறேன். அதுதான் அவளுடைய சொந்த நிறம், அதைத் தாண்டி வெளுக்க வைக்கிற எதுவும் தோலைக் கெடுத்துத்தான் வெளுக்க வைக்கும் என்கிறேன். சில அம்மாக்கள் அடுத்த முறை வருவதில்லை.

ஸ்டீராய்டு க்ரீமைப் பல மாதமாகப் போடுகிறவர்கள் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாக விடுங்கள். என்னென்ன கலந்தது என்று அச்சிடாத டப்பா என்றால் இன்றே நிறுத்துங்கள், அதில் பாதரசம் இருக்கலாம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட க்ரீம்கள் சிலரின் சிறுநீரகத்தையே கெடுத்தது 2023-ல் வெளிவந்தது. சிறுநீர் நுரைத்தாலோ கால் வீங்கினாலோ தள்ளிப்போடாமல் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பரிசோதியுங்கள். போகும்போது டப்பாவையும் எடுத்துப் போங்கள்.