கவுனி நீரின் நிறத்தைப் பொடியில் பிடித்துவைப்பது எப்படி?

இரவு ஊறப்போட்ட கருப்புக் கவுனியைக் காலையில் திறந்தால் நீர் நாவற்பழச் சாறுபோல நிற்கும். கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் அதை அரிசியோடு சேர்த்தே வேகவைத்துவிடுவோம். கொட்ட மனம் வராது. அதில் ஒரு கரண்டி எடுத்து எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள், செக்கச் சிவந்துவிடும். இன்னொரு கரண்டியில் சமையல் சோடாவைத் தூவினால் நீலமும் பச்சையுமாக இருளும். மிச்சத்தை வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் நாளாக ஆகப் பழுப்பேறிப் போகும்.

இந்த நிறமியின் பெயர் ஆந்தோசயனின். உணவுப் பொட்டலங்களில் ஐ.என்.எஸ். (உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான சர்வதேச எண்) 163 என்று குறிப்பிடப்படுவது இதுதான். அரிசியின் மேல்தோலில் இருப்பதால், கவுனியைத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும். அந்தத் தவிட்டிலிருந்து அதைப் பிரிப்பது எளிது. சிறிது சிட்ரிக் அமிலம் கலந்த வெதுவெதுப்பான நீர் போதும். காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. புளிப்பில் சிவப்பாக நிற்கும் மூலக்கூறு, புளிப்பு குறையக் குறைய நீர் மூலக்கூறோடு சேர்ந்து நிறமிழக்கிறது. பிறகு அணுக்கள் கோத்து நிற்கும் அதன் வளையமே திறந்துகொள்கிறது. வெப்பமும் வெளிச்சமும் ஆக்சிஜனும் சிதைவை விரைவாக்குகின்றன. நிறத்தை வெளியே கொண்டுவந்த தண்ணீரே அதற்குப் பகையாகவும் ஆகிறது.

ஆகவே நீரை விரட்டிவிட்டு நிறத்துக்கு ஓர் உறை கொடுக்கிறார்கள். மாவுச்சத்தைத் துண்டாடிக் கிடைக்கும் மால்டோடெக்ஸ்ட்ரினையும், வேல மர இனத்தின் அரபிப் பிசினையும் சாற்றில் கரைத்து, ஸ்பிரே டிரையர் என்ற உயரமான கலனுக்குள் மூடுபனிபோலப் பீய்ச்சுவார்கள். உள்ளே வரும் காற்றின் வெப்பம் சுமார் 150 முதல் 180 டிகிரி செல்சியஸ். சூடு தாங்காத நிறம் இதில் கருகாதா என்று எனக்கும் முதலில் தோன்றியது. கருகுவதில்லை. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகிப் பானையைக் குளிர்விப்பதைப்போல, துளியிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும்வரை அதன் சூடு காற்றின் சூட்டுக்கு வெகு கீழேயே நிற்கும். சில நொடிகளில் காய்ந்து பொடியாக இறங்கிவிடும்.

அந்தத் துகளின் அமைப்பு கார்த்திகைப் பொரி உருண்டைக்கு நெருக்கமானது. இறுகிய பாகுக்குள் பொரி பதிந்திருப்பதுபோல, மால்டோடெக்ஸ்ட்ரினும் பிசினும் ஆன, கண்ணாடிபோல இறுகிய சர்க்கரைச் சங்கிலிகளுக்குள் நிற மூலக்கூறுகள் அசைய இடமின்றிச் சிக்கியிருக்கின்றன. ஆக்சிஜன் நுழைவதும் கடினம்.

உருண்டைக்கு வரும் கேடே பொடிக்கும் வரும். அடைமழையில் டப்பாவைத் திறந்துவைத்தால் உருண்டை பிசுபிசுத்துப்போகும் அல்லவா? பொடியும் ஈரத்தை உறிஞ்சினால் தளர்ந்து கட்டிதட்டும், நிறமும் வேகமாகக் கெடும். டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் இந்தத் தொழிலைத் தொடங்குபவர்கள் காற்றுப் புகாத பொட்டலத்துக்கே முதலில் செலவழிக்க வேண்டும். புட்டு மாவு, கஞ்சி மாவு போன்ற உலர்ந்த கலவைகளுக்கு இந்தப் பொடி கச்சிதமாகப் பொருந்தும். பாட்டில் பானத்தில் போட்டாலோ உறை கரைந்துவிடும். அதன்பின் பானத்தின் புளிப்பும் குளிர்பெட்டியும்தான் நிறத்துக்குத் துணை.